இரண்டாம் முறை பார்த்தவர்கள்

சினிமா விமர்சனத்தின் வரலாறு பெரும்பாலும் ஒரு வெற்றி தோல்விக் கணக்காகவே எழுதப்படுகிறது. எந்த விமர்சகர் எந்தப் படத்தை முதலில் இனங்கண்டார், எவர் கோட்டை விட்டார் என்ற கணக்கு அது. பழைய விமர்சனங்களைத் தேடி வாசிக்கும் பழக்கம் எனக்குண்டு. ஆயினும் இந்தக் கணக்கில் அதிக நாட்டமில்லை. ஒரே படத்தை ஒரே காலத்தில் பார்த்த, நன்கு தேர்ந்த இருவர் எதிரும் புதிருமாக எழுதினார்களே, அது எதனால் என்பதே என் கேள்வி. ரசனை பலவிதம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் திகில் படத்துக்கு ஒரு தராசு, குற்றப் படத்துக்கு ஒரு தராசு, 'கலைப்படம்' எனப்படுவதற்கு இன்னொரு தராசு என விமர்சகர்கள் வைத்திருந்ததும், எதில் வைத்து நிறுப்பதென்று தெரியாத படம் வந்தபோது அவர்கள் தடுமாறியதும் அந்த எழுத்துகளில் நன்றாகவே தெரிகின்றன.

1960ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஏப்ரலில் மைக்கல் பவலின் 'பீப்பிங் டொம்' லண்டனில் திரையிடப்பட்டது. பவல் அதற்கு முன்னரே 'த ரெட் ஷூஸ்' (1948) போன்ற படங்களால் பெரும் மதிப்புப் பெற்றிருந்தவர். பெண்களைக் கொல்லும்போதே அவர்களது அச்சத்தைக் கெமராவில் பதிவுசெய்யும் ஓர் இளைஞனின் கதை இது. பிரித்தானிய விமர்சகர்கள் கொதித்தெழுந்தனர். இந்தப் படத்தைச் சாக்கடையில் கொட்டிவிட வேண்டும் என்ற அளவுக்கு ஒருவர் எழுதினார். படம் விரைவிலேயே திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் பின்னர் இங்கிலாந்தில் படமெடுப்பது பவலுக்குப் பெரும்பாடாகிப்போனது.

சில மாதங்களில் அல்ஃபிரட் ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' வந்தது. அதுவும் கொலைகாரனின் மனதுக்குள் நுழையும் படந்தான். ஆனால் ஹிட்ச்கொக் கெட்டிக்காரர். விமர்சகர்களுக்கென முன்கூட்டியே காட்சி போட மறுத்துவிட்டார். அவர்களும் பொதுமக்களோடு அமர்ந்தே பார்க்கவேண்டியதாயிற்று. படம் தொடங்கிய பின் எவருக்கும் அனுமதி இல்லை என்றும் ஒரு விதி. 1928 முதல் 'ஒப்சேவர்' பத்திரிகையில் எழுதிவந்த சி. ஏ. லெஜுன் அம்மையார் பாதியில் எழுந்து போனார். அந்த ஆண்டோடு விமர்சன வேலையையும் விட்டுவிட்டார். 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையின் பொஸ்லி குரோதர் முதலில் அரைமனதோடு எழுதினார். ஆண்டு முடிவில் தனது சிறந்த பத்துப் படங்களின் பட்டியலில் அதே 'சைக்கோ'வைச் சேர்த்தார்.

ஒன்று பிழைத்து மற்றது அழிந்ததேன்? ஹிட்ச்கொக் என்றாலே இன்ன வகைப் படம் என்று ஒரு பெட்டி ஏற்கெனவே இருந்தது; பவலுக்கு அது இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. 'பீப்பிங் டொம்' பார்வையாளனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது: பிறர் துன்பத்தை இருட்டில் அமர்ந்து பார்த்து மகிழ்பவன் நீயுந்தானே என்று கேட்கிறது. பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அந்தக் கேள்வி மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே உறைத்திருக்கும் என்று நினைக்கிறேன். மார்ட்டின் ஸ்கோசேசியின் ஆதரவோடு 1979இல் நியூயோர்க் திரைப்பட விழாவில் படம் மீண்டும் திரையிடப்பட்டது. 'சண்டே டைம்ஸ்' விமர்சகர் டிலிஸ் பவல் (இயக்குநருக்கு உறவினர் அல்லர்) 1960இல் அதைக் கடுமையாகக் கண்டித்தவர்களுள் ஒருவர். 1994இல், தன் முதிய வயதில், தனது தீர்ப்பு பிழை என்று அவர் எழுதினார். மைக்கல் பவல் காலமானது 1990இல்.

நமது சூழலில் இப்படியொரு மறுப்பை நான் அதிகம் கண்டதில்லை. நூல் வெளியீட்டு விழாவில் நிகழ்த்தும் நயவுரையே மறுவாரம் பத்திரிகையில் விமர்சனமாக அச்சாகிவிடும்போது, இரண்டாம் முறை வாசிக்க வேண்டிய தேவைதான் ஏது?

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு 1967. ஆர்தர் பென் இயக்கி, வொரன் பீட்டி தயாரித்து நடித்த 'பொனி அன்ட் கிளைட்' அவ்வாண்டு ஓகஸ்டில் மொன்றியல் விழாவிலும் பின்னர் நியூயோர்க்கிலும் திரையிடப்பட்டது. 1934இல் லூசியானாவில் பொலிஸாரால் சுட்டுக்கொல்லப்பட்ட உண்மைக் கொள்ளையர் இருவரின் கதை இது. குரோதர் இதை ஒரு தடவையல்ல, மீண்டும் மீண்டும் தாக்கினார். வரலாற்றைத் திரித்து, கொலைகாரர்களைக் கோமாளிகளாக்கி, இரத்தத்தை வேடிக்கையாக்குகிறது என்பது அவரது குற்றச்சாட்டு.

குரோதரைப் பழமைவாதி என்று தள்ளிவிடுவது நியாயமன்று. 1940 முதல் அந்தப் பத்திரிகையில் எழுதியவர், தணிக்கையை எதிர்த்தவர், வெளிநாட்டுப் படங்களுக்கு அமெரிக்காவில் வாசல் திறந்துவிட்டவர்களுள் ஒருவர். (சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு மட்டும் 1958இல் அரைமனப் பாராட்டே கிடைத்தது, அதையும் மீறி அந்தப் படம் நியூயோர்க்கில் பல மாதங்கள் ஓடியது.) வியட்நாம் யுத்தம் உச்சத்திலிருந்த வேளையில் திரையிலும் வன்முறை பெருகுவது அவரை உண்மையாகவே கவலைகொள்ளச் செய்தது. அவருடைய கவலையில் தவறில்லை. ஆனால் குற்றப் படமென்றால் குற்றம் குற்றமாகவும் சிரிப்பு சிரிப்பாகவும் தனித்தனியே இருக்கவேண்டுமென அவரது தராசு எதிர்பார்த்தது. இந்தப் படத்திலோ துள்ளலான பாஞ்சோ இசையோடு கார் பறக்கிறது. அடுத்த நிமிடம் ஒருவரின் முகத்தில் குண்டு பாய்கிறது. வாயில் வந்த சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

அந்தச் சிக்கலைத்தான் போலின் கேல் பிடித்துக்கொண்டார். அவரது நீண்ட கட்டுரையை முதலில் 'நியூ ரிபப்ளிக்' ஏற்கவில்லை. ஒக்டோபரில் 'நியூயோர்க்கர்' வெளியிட்டது. பார்வையாளரைச் சிரிக்கவைத்து, பின் அந்தச் சிரிப்புக்காகவே அவர்களைக் கூசவைப்பதில்தான் படத்தின் பலம் இருக்கிறது என்பது அவரது வாதத்தின் சாரம். அடுத்த ஆண்டில் அவர் அந்த இதழின் நிரந்தர விமர்சகரானார். குரோதரின் இடத்துக்கு 1968 தொடக்கத்தில் ரெனாட்டா அட்லர் வந்துவிட்டார். ஒரு படம் ஒருவரின் நாற்காலியை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்ததாகப் பின்னர் கதை கட்டினார்கள். அதில் கொஞ்சம் மிகை உண்டு.

இவர்கள் இருவரையும்விட என்னைக் கவர்பவர் மூன்றாமவர். 'நியூஸ்வீக்' சஞ்சிகையின் ஜோ மோர்கன்ஸ்டேர்ன் படத்தைத் தாக்கி எழுதினார். பின்னர் தன் மனைவியுடன் திரையரங்குக்குப் போய், பொதுமக்கள் கூட்டத்தின் நடுவே மீண்டும் பார்த்தார். அரங்கத்தின் கொந்தளிப்பைக் கண்டார். மறுவார இதழிலேயே, தான் முதலில் எழுதியது பிழை என்று எழுதினார். டிலிஸ் பவலுக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் பிடித்த காரியம் இவருக்கு ஒரு வாரத்தில் முடிந்தது. அவரது எதிர்ப்பை விழுங்கியது கூட்டத்தின் ஆரவாரந்தானே, அது விமர்சகனுக்கு அழகா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் கூட்டத்தைப் பின்பற்றி எழுதியதாக நான் கருதவில்லை. தனியே பார்த்தபோது வெறும் வன்முறையாகத் தெரிந்தது, நூற்றுக்கணக்கானோரின் சிரிப்பும் திடீர் மௌனமும் சேர்ந்தபோதே முழு வடிவம் பெற்றது என்பதைக் கண்டுகொண்டார். அந்தப் படம் அப்படித்தான் செய்யப்பட்டிருந்தது. பத்து ஒஸ்கார் பரிந்துரைகளைப் பெற்று இரண்டை வென்றது.

விஞ்ஞானப் புனைவின் கதையும் இதேதான். 1982 ஜுன் 25ஆந் திகதி, ஒரே நாளில், ஜோன் கார்பென்டரின் 'த திங்', ரிட்லி ஸ்கொட்டின் 'பிளேட் ரன்னர்' ஆகிய இரண்டும் அமெரிக்காவில் வெளியாகின. இரு வாரங்களுக்கு முன் வந்த ஸ்பீல்பேர்க்கின் 'ஈ. டி.' அன்பான வேற்றுக்கிரகவாசியை எல்லோருக்கும் பழக்கிவிட்டிருந்தது. கார்பென்டரின் அருவருப்பூட்டும் பிராணியை 'நியூயோர்க் டைம்ஸ்' விமர்சகர் வின்சன்ட் கன்பி குப்பையென ஒதுக்கினார். கார்பென்டர் அடுத்து இயக்கவிருந்த ஒரு படம் அவர் கையைவிட்டுப் போயிற்று. இன்று இரண்டு படங்களும் திரைப்படப் பாடநூல்களில் இருக்கின்றன. இதை விரித்துச் சொல்வதில் பயனில்லை.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணத்துக்கு வருகிறேன். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரொஸ்தமியின் 'செரிப் பழத்தின் சுவை' 1997இல் கான் விழாவின் உயர் விருதை ஜப்பானியப் படமொன்றுடன் பகிர்ந்துகொண்டது. தற்கொலை செய்யத் தீர்மானித்த ஒருவர், தெஹ்ரானின் புறநகரில் காரை ஓட்டித் திரிந்து, தன்மீது மண் போட ஓர் ஆளைத் தேடுகிறார். சிக்காகோவில் இரண்டு விமர்சகர்கள் இதைப் பார்த்தனர். 'சன் டைம்ஸ்' பத்திரிகையின் ரொஜர் ஈபர்ட் ஒரேயொரு நட்சத்திரம் கொடுத்தார். தாங்கமுடியாத சலிப்பு என்றார். அதே நகரின் 'ரீடர்' வார இதழில் எழுதிய ஜொனதன் ரோசன்போம் அதனை உன்னதப் படைப்பாகக் கொண்டாடினார். பின்னாளில் கியாரொஸ்தமி பற்றி ஒரு நூலையே இணைந்து எழுதினார்.

இதில் நான் ரோசன்போம் பக்கம். காரில் ஏறும் ஆப்கானிய மத்ரசா மாணவன், தற்கொலை ஹராம் என்று பணிவோடு சொல்லி மறுக்கும் காட்சியை ஈபர்ட் வெறும் பேச்சாகக் கேட்டிருக்கக்கூடும். வீட்டிலும் பள்ளியிலும் அந்த வார்த்தையின் பாரத்தோடு வளர்ந்தவனுக்கு அங்கே சலிப்புக்கு இடமில்லை. அந்த இளைஞனின் முகத்தில் தெரிவது சட்டம் மட்டுமல்ல, பயமும் இரக்கமுங்கூட. எனினும் ஈபர்ட்டை நான் மதிக்கிறேன். கான் விருதின் முன்னால் பலர் வாய்மூடி நின்றபோது தனக்குச் சலித்ததைச் சலித்தது என்றே எழுதினார். கியாரொஸ்தமியின் 'டென்' (2002) படத்தையும் அவர் ஏற்கவில்லை. ஆனால் ஒதுக்கிவிடாமல் தொடர்ந்து பார்த்தார். இத்தாலியில் எடுக்கப்பட்ட 'சேர்ட்டிஃபைட் கொப்பி' (2010) படத்தை மனமுவந்து வரவேற்று எழுதினார். அந்தப் படத்திலும் இருவர் காரில் போய்க்கொண்டே பேசுகிறார்கள்.