சாலைப்பொருள்: பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் சுங்கமும் தலவரியும்

ஒரு நாட்டின் சாலைகள் யாருடைய பொருளால் அமைந்தன என்று ஆராய்வது அந்நாட்டு அரசியல் வரலாற்றின் ஒரு பகுதியாகும். மன்னர்தம் போர்களும் கோயிற்பணிகளும் ஆராயப்பட்ட அளவிற்கு இப்பொருள் ஆராயப்பட்டதில்லை. முன்னாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சார்ந்திருந்த பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, சாலைக்குரிய பொருள் எவரிடம் பெறப்பட்டது, எங்குச் செலவாயிற்று என்னும் இரு வினாக்களுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உல்கும் காவலும்

வணிகப் பொருள்மீது வாங்கிய வரியை நம் முன்னோர் உல்கு என்றனர். வேந்தனுக்குரிய மூவகைப் பொருளுள் உல்கினையும் ஒன்றாக எண்ணுவர் திருவள்ளுவர். கலத்தின் வழியாகவும் நிலத்தின் வழியாகவும் வரும் பண்டங்களுக்குரிய இறையே அது என்பது பரிமேலழகர் உரையால் விளங்கும். கழுதைமேல் மிளகுப்பொதி ஏற்றிச் செல்லும் வணிகரைக் கூறும் பெரும்பாணாற்றுப்படை, உல்கு பெறும் பெருவழியினை வில்லேந்திய வீரர் காத்தமையையும் உடன்கூறுகின்றது. உல்கும் காவலும் ஓரிடத்தே கூறப்படுதல் கருதத்தக்கது. வழிச்செல்வோன் பொருள் கொடுத்தான். அதற்கு ஈடாக அச்சமின்றிச் செல்லும் உரிமையைப் பெற்றான். கொடுத்த இடத்திலேயே பயனும் கிடைத்தது.

2. சுங்கந் தவிர்த்தவன் தலைநகர்

முதற் குலோத்துங்க சோழன் (கி. பி. 1070–1120) சுங்கந் தவிர்த்த சோழன் எனச் சிறப்பிக்கப்பெற்றவன். அவன் வீற்றிருந்த கங்கைகொண்ட சோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. வென்ற நாடுகளால் பெயர் பெற்ற வேந்தர் பலர். விட்ட வரியால் பெயர் பெற்றவன் இவன். இதனால் அக்காலத்துச் சுங்கம் மக்களை எத்துணை வருத்தியது என்பதை உய்த்துணரலாம். அவன் தவிர்த்த சுங்கம் யாது, எவ்வளவு பரப்பில் தவிர்த்தான் என்பனபற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிற்காலக் கல்வெட்டுக்களில் சுங்கம் மீண்டும் பயின்று வருதலின், அது அடியோடு ஒழிந்துவிடவில்லை என்பது மட்டும் தெளிவு.

சுங்கம் நீங்கினும் வழிகளைப் பேணும் செலவு நீங்காது. அச்செலவின் ஒரு பகுதியேனும் நிலமுடையார் இறுத்த கடமைமீதும், ஊரார் கூலியின்றிச் செய்த ‘வெட்டி’ என்னும் உழைப்பின்மீதும் சார்ந்திருக்கும் என்று கருதுதல் பொருந்தும். அங்ஙனமாயின், வழியில் செல்வோன் தோளினின்று இறக்கிய சுமை, ஊரில் இருப்போன் தோளின்மேல் ஏறியதாகும். ஒரு சுங்கம் நீங்குங்கால் அதன் சுமை எவர்மேல் செல்கின்றது என்று வினவுதல் எக்காலத்திற்கும் வேண்டுவதொன்று.

இத்தலைநகரின் கற்களே பிற்காலத்தில் பொதுப்பணிக்கு விலையாயின. கி. பி. 1836-இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பெற்றபோது, கங்கைகொண்ட சோழேச்சுரத்தின் திருமதிற் கற்கள் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல்மதில் எழுப்பித் தருவதாக ஊரார்க்குக் கூறிய உறுதிமொழி முறையாக நிறைவேற்றப்படவில்லை. அவ்வணையால் வயல்கள் நீர் பெற்றன. அதன் மேலமைந்த பாலத்தால் கொள்ளிடத்தின் இருகரையும் இணைந்தன. பணியின் பயனை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் அதற்கு இவ்வூர் ஈந்தது காசன்று, தன் பழம்பெருமை என்பதையும், ஈடு வந்து சேரவில்லை என்பதையும் வரலாறு மறத்தலாகாது.

3. சாலைத் தலவரி

அரியலூரிலும் உடையார்பாளையத்திலும் பாளையக்காரர் காவலுரிமை செலுத்திய காலத்தை அடுத்து ஆங்கிலக் கம்பெனியாட்சி வந்தது. 1844-ஆம் ஆண்டின் ஆறாம் சட்டம் சென்னை மாகாணத்தின் உள்நாட்டுச் சுங்கங்களை நீக்கிற்று. இது பண்டங்களின்மேல் வாங்கிய சுங்கமாகும். சாலையைப் பயன்படுத்தும் வண்டிகளின்மேல் வாங்கிய சுங்கமோ அதன் பின்னரும் நிலவியது. திருச்சிராப்பள்ளியினின்று சென்னைக்குச் செல்லுங்கால் கொள்ளிடத்தின் வடகரையில் எதிர்ப்படும் நாற்சந்தி இன்றும் ‘நம்பர் ஒன் டோல்கேட்’ எனப்படுகின்றது. வாயில் மறைந்தும் பெயர் மறையவில்லை.

சுங்கம் ஒன்றே சாலைக்குப் போதாமையின் 1866-இல் சாலைத் தலவரிச் சட்டம் பிறந்தது. நிலத்தின் ஆண்டு வருவாயில் ரூபாய்க்கு அரையணா வரை சாலையின்பொருட்டே பெறுதற்கு அது வழிசெய்தது. 1871-ஆம் ஆண்டுச் சட்டம் சாலை, கல்வி, நலவாழ்வு ஆகியவற்றை ஒரே தலநிதியின்கீழ்க் கொணர்ந்தது. 1884-ஆம் ஆண்டுச் சட்டம் ஜில்லா போர்டுகளையும் தாலுகா போர்டுகளையும் அமைத்து, ரூபாய்க்கு ஓரணா வரை தலவரி பெற இடந்தந்தது. ஜமீன் நிலங்களில் ஜமீன்தாரே இவ்வரியை இறுத்து, அதிற் பாதியைக் குடிகளிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம். எனவே உடையார்பாளைய ஜமீனின் எளிய குடியும், தான் ஒருநாளும் செல்லாத சாலைக்குப் பங்கு செலுத்தினான்.

நிலத்தின் வருவாயை அளவாகக் கொண்ட இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. காவிரி பாயும் நன்செய் நிலம் மிகுதியாகத் தரும். பெரம்பலூரின் கரிசற் புன்செய் சிறிதே தரும். அண்மைத் தஞ்சை மாவட்டத்தார் ரூபாய்க்கு 3 பை வீதம் இருப்புப்பாதைக்கெனத் தனி வரி செலுத்தி, 1894-இல் திறக்கப்பெற்ற மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதையைத் தம் பொருளாலேயே கண்டனர். வானம் பார்த்த நிலத்தார்க்கு அத்தகைய ஆற்றல் அரிது. அரியலூர் வழியாக விழுப்புரம்–திருச்சி இருப்புப்பாதை 1920-களின் இறுதியில் வந்தது. பெரம்பலூர் நகருக்கோ இன்றளவும் இருப்புப்பாதை இல்லை. அது முற்றும் சாலையையே நம்பியுள்ளது.

ஆதலின், ‘ஓரூரில் பெற்ற வரி அவ்வூரிலேயே செலவாதல் வேண்டும்’ என்னும் கொள்கையை முழுதும் ஏற்றல் இயலாது. ஏற்பின், வறண்ட பகுதிகளுக்குச் சாலையே இராது. செல்வமுடைய பகுதியின் பொருள் வறிய பகுதிக்குச் செல்லுதல் அறமேயாகும். ஆனால் வறிய பகுதியின் பொருள் வெளியே சென்று திரும்பாதிருத்தல் அறமாகுமோ என்பதே எஞ்சிய வினா.

4. ஊர்தியும் எரிநெய்யும்

மோட்டார் ஊர்திகள் பெருகியதும் வரியின் இடம் மாறியது. ஜெயகர் தலைமையில் 1927-இல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1929-இல் பெட்ரோலின்மேல் காலனுக்கு 2 அணா கூடுதல் தீர்வை விதித்து நடுவண் சாலைநிதி ஏற்படுத்தப்பட்டது. சென்னை மாகாணம் 1931-இல் மோட்டார் ஊர்திவரிச் சட்டம் இயற்றிச் சுங்கச்சாவடிகளை நீக்கி, வருவாய் இழந்த தல ஆட்சிகளுக்கு ஈட்டுத்தொகை வழங்கலாயிற்று. சுங்கம் இரண்டாம் முறையாகத் தவிர்க்கப்பட்டது எனலாம். இம்முறை எளிது, ஊர்தியை நிறுத்த வேண்டுவதில்லை. ஆயின் பொருள் முதலில் தலைநகர் சென்று, பின்னரே சாலைக்குத் திரும்பலாயிற்று.

நான்குவழிச் சாலைகள் தனியார் முதலீட்டால் அமையத் தொடங்கியபின் சுங்கம் மீண்டும் வந்தது. சமயபுரத்திலும் திருமாந்துறையிலும் உள்ள சாவடிகள் இதற்குச் சான்று. 2008-ஆம் ஆண்டின் கட்டண விதிகள், சாவடிக்கு 20 கிலோமீட்டருக்குள் வாழ்வோரின் சொந்த ஊர்திகளுக்கு மாதச் சலுகைச்சீட்டு வழங்குகின்றன. வழிப்போக்கனும் ஊரானும் ஒருவரல்லர் என்பதை இவ்விதி ஒருவாறு உணர்ந்துள்ளது.

5. சுண்ணாம்புக்கல்லும் தலவரியும்

அரியலூரின் செல்வம் சுண்ணாம்புக்கல். சிமெண்டு ஆலைகளுக்குக் கல்லேற்றிச் செல்லும் லாரிகள் ஊர்ச்சாலைகளின்மேல் பெரும்பாரம் சுமத்துகின்றன. கல் நிலத்தினின்று எடுக்கப்படுவது. ஆதலின் நிலத் தலவரி அதன்மேலும் செல்லுமோ என்னும் வினா எழுந்தது.

1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், நிலவரி ரூபாய் ஒன்றுக்கு 45 புதுக்காசு தலவரி விதித்தது. இது 1866-இல் தொடங்கிய மரபின் தொடர்ச்சியேயாகும். 1964-ஆம் ஆண்டுத் திருத்தம், கனிமங்களுக்கு இறுக்கும் உரிமைத்தொகையையும் நிலவரியுள் அடக்கிற்று. இதனை எதிர்த்த இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில், அவ்வரியை விதிக்கும் ஆற்றல் மாநிலத்திற்கு இல்லையென 1989-இல் உச்சநீதிமன்றத்தின் எழுவர் அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 25-இல் ஒன்பதின்மர் அமர்வு, எண்மரின் பெரும்பான்மையால் அம்முடிவை மாற்றி, கனிம நிலங்களுக்கு மாநிலங்கள் வரி விதிக்கலாம் என்றது. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகள் இவ்வகைத் தலவரிக்கு இடமில்லாது கழிந்தன.

இதற்கிடையே, 2015-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் மாவட்டக் கனிம அறநிதி அமைந்தது. பழைய குத்தகையாளர் உரிமைத்தொகையில் நூற்றுக்கு 30 பங்கு இதற்குச் செலுத்துதல் வேண்டும். தொகை அம்மாவட்டத்திற்கே உரியது. 2024-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி 2025 முதல் பெறப்படும் கனிம நிலவரியோ மாநிலக் கருவூலத்தைச் சேர்வது. ஒரே கல்லின்மேல் இருவகைப் பொருள் பெறப்படுகின்றது: ஒன்று தோண்டிய இடத்தில் தங்குகின்றது, மற்றது பொதுக் கருவூலம் செல்கின்றது. மேலே கூறிய இரு நெறிகளும் இவ்விடத்தே ஒருங்கு காணப்படுகின்றன.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, சுங்கம் பலமுறை நீங்கிப் பலமுறை மீண்டது. சாலைச் செலவு ஒருபோதும் நீங்கவில்லை. அதனைத் தாங்குவோரே மாறினர். இரண்டாவது, நெடுவழிக்கு வழிச்செல்வோரும், ஊர்ச்சாலைக்குப் பொதுநிதியும், கல்லேற்றும் லாரிகள் தேய்க்கும் சாலைக்குக் கல்லால் வரும் பொருளும் துணையாதல் முறை. மூன்றாவது, கொடுத்த பொருள் எங்குச் சென்றது என்று கொடுத்தவர் அறிதல் வேண்டும்.

இம்மூன்றாவது நெறி நமக்குப் புதியதன்று. சோழர் காலத்தார் ஒரு விளக்குக்குப் பொன் கொடுப்பினும், கொடுத்தவர் யார், பொன் எவ்வளவு, அதன் வட்டி எதற்குரியது, ஏற்று நடத்துவோர் யார் என்பனவற்றையெல்லாம் கோயிற் சுவரில் யாவரும் படிக்குமாறு பொறித்தனர். பிரான்மலைக் கல்வெட்டில் வணிகர் தம் பண்டங்களுக்கு இன்ன அளவெனத் தாமே விதித்துக்கொண்ட கொடையும் அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது. கனிமத்தாலும் சுங்கத்தாலும் தலவரியாலும் வந்த தொகையும், அதனாற் செப்பனிடப்பெற்ற சாலைகளும் ஊர்தோறும் அங்ஙனம் வெளிப்படுத்தப்படுமாயின், சாலைவரி பற்றிய குறைபாடுகளுட் பெரும்பாலானவை நீங்கும். மதிற்கல்லை ஈந்து ஈடு பெறாத ஊரின் வரலாறு இதனையே வலியுறுத்துகின்றது.