கைதட்டக் கூலி

டிவி மேடை நிகழ்ச்சிகளில் பாட்டு முடியுமுன்பே கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ரசிகர்களைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் இப்படி உட்காரக் கூலிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளே உண்டு. தொழில் பழையது. ரோமாபுரி நீரோ (பிடில் வாசித்தாரோ இல்லையோ, மேடையேறிப் பாடினார்!) கைதட்டுவதற்கென்றே 5,000 இளைஞர்களைப் பழக்கி வைத்திருந்தார். 'தேனீ', 'ஓடு' என்று தட்டும் விதங்களுக்குப் பெயர்கூட இருந்தது.

19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் இது முழு வியாபாரம். சிரிக்க ஓர் ஆள், 'ஒன்ஸ்மோர்' கேட்க ஓர் ஆள், கைக்குட்டையோடு அழப் பெண்கள். அங்கே ஆபரா அரங்கில் இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஓகுஸ்த் லெவாஸர். எந்த இடத்தில் எவ்வளவு தட்டுவது என்று முன்கூட்டியே திட்டம் போட்டுவிடுவார். பாடகர்கள் அவருக்குப் பணம் கொடுத்தது பாராட்டுக்காக மட்டுமல்ல; கொடுக்காவிட்டால் அரங்கம் மௌனமாக இருந்துவிடுமே என்ற பயம்.

அன்று சத்தம் போதும். டிவி கேமராவுக்கு நிறைந்த நாற்காலியும் வேண்டும். ஆஸ்கர் விழாவில் நட்சத்திரம் எழுந்து போனால், அதற்கென்றே கோட் சூட்டில் காத்திருக்கும் ஒருவர் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறார்.