பன்மைத்துவமும் நீதியும்: திருகோணமலை

தாராளவாதம் தனிமனித உரிமையை முன்வைக்கிறது. பன்மைத்துவம் சமூகங்களின் வாழ்முறைக்கும் இடம் கேட்கிறது. எந்த இனமும் பாதிக்கு மேல் இல்லாத திருகோணமலை மாவட்டத்தில் இவை மோதியதற்கு, ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா என்னும் நீண்ட மேலங்கி அணிவது குறித்து 2018 ஏப்ரலில் எழுந்த சர்ச்சை சான்று. எதிர்த்தோர் பாடசாலையின் இந்து மரபைச் சுட்டினர். முஸ்லிம் ஆசிரியைகளோ விரும்பிய உடை தம் சமய உரிமை என்றனர். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளுக்குச் சார்பாகப் பரிந்துரைத்தது.

கனடிய மெய்யியலாளர் வில் கிம்லிக்கா, ஒரு குழு வெளி அழுத்தத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்வதையும் தனிமனிதர் மீது கட்டுப்பாடு விதிப்பதையும் வேறுபடுத்துகிறார். அரச பாடசாலை பொது நிறுவனம். கற்பித்தலுக்குத் தடையாகாத உடையை மறுப்பது, காப்பு என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் நாட்டில், இத்தகைய பாடசாலைகளே தமிழர் பண்பாட்டின் அரண் என்பது வலுவான மறுப்பு. 2005 மே மாதம் நகரில் திடீரென நிறுவப்பட்ட புத்தர் சிலை எழுப்பிய பதற்றம் அந்த மறுப்பின் பின்னுள்ள அச்சத்துக்கு அடிப்படை உண்டு எனக் காட்டுகிறது. ஆயினும் அதற்கு விடை சொல்ல வேண்டியது அரசு. ஒரு சிறுபான்மையின் அச்சத்துக்கு இன்னொரு சிறுபான்மையின் உரிமையை விலையாக்குவது நீதியாகாது.