மே தினத்தில் மோதிய இரண்டு கிரேன்கள்

வரலாறு என்றால் அரசர்களும் போர்களும் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்காக இன்று ஒரு கப்பல் கட்டும் தளத்தின் கதை. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

தென்கொரியாவின் தெற்குக் கடலோரத்தில் கோஜே என்றொரு தீவு. கொரியப் போரின்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை அடைத்து வைத்த இடம் அது. 1950 டிசம்பரில் மெரிடித் விக்டரி என்ற சரக்குக் கப்பல் சுமார் 14,000 அகதிகளைக் கொண்டுவந்து இறக்கியதும் அங்கேதான். 1970-களுக்குப் பிறகு அந்தத் தீவுக்குச் சோறு போட்டவை பெரிய கப்பல் கட்டும் தளங்கள்.

2017 மே 1. உலகமே தொழிலாளர் தினம் கொண்டாடிய நாள். கோஜேயில் உள்ள சாம்சங் ஹெவி இண்டஸ்ட்ரீஸ் தளத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலருக்கு விடுமுறை இல்லை. நார்வே கடலுக்குப் போகவேண்டிய மார்ட்டின் லிங்கே எண்ணெய் மேடையை முடித்துக் கொடுக்கும் அவசரம். பிற்பகல் 3 மணி இடைவேளை நெருங்கும் நேரம். மேடைமேல் ஓர் ஓரத்தில் பலர் இளைப்பாறக் கூடியிருந்தார்கள். தண்டவாளத்தில் நகர்ந்து வந்த 800 டன் கோலியாத் கிரேனும் 32 டன் ஜிப் கிரேனும் மோதின. ஜிப் கிரேனின் நீண்ட பூம் முறிந்து அவர்கள்மேல் விழுந்தது. 6 பேர் இறந்தார்கள், 25 பேர் காயமடைந்தார்கள். இறந்த 6 பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

இரண்டு கிரேன்களின் ஆட்களும் ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. அதாவது, அத்தனை டன் இரும்புக்கும் காவல் மனிதனின் கண்ணும் சிக்னல்காரரின் குரலும்தான்.

வேறு வழி அப்போது இல்லையா என்றால், இருந்தது. ஒரே தண்டவாளத்தில் இரண்டு கிரேன்கள் ஓடும் கூடங்களில் ஒன்றில் லேசர் கருவியையும் மற்றதில் ஒளியைத் திருப்பி அனுப்பும் தகட்டையும் பொருத்துவார்கள். இடைவெளி குறைந்தால் கிரேன் தானாக வேகம் குறையும். இன்னும் நெருங்கினால் நின்றுவிடும். சுழலும் பூம் உள்ள கிரேனுக்கு இது போதாது. பூம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று சென்சார்கள் அளக்க வேண்டும். அந்தக் கணக்கை இரண்டு கிரேன்களும் ரேடியோ வழியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கட்டுமானத் தளங்களில் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று சுழலும் டவர் கிரேன்கள் குறித்துப் பிரான்ஸ் அரசு 1987-லேயே பாதுகாப்புக் குறிப்பு வெளியிட்டுவிட்டது. கோஜே விபத்து நடந்தது அதற்கு 30 ஆண்டுகள் கழித்து!

நம் நாட்டுச் சட்டத்தையும் பார்ப்போம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கிரேன் ஓடும் பாதையருகே ஆள் வேலை செய்தால் 6 மீட்டருக்குள் கிரேன் வரக்கூடாது என்றது. பிரிட்டனின் 1937 சட்டத்தில் இருந்த 20 அடி விதிதான் அதற்கு மூலம். நல்ல விதி. ஆனால் அது கிரேன் மனிதனை இடிப்பதைப் பற்றியது. கிரேனும் கிரேனும் மோதி, கீழே இளைப்பாறுகிறவன் சாவதை அந்த வரி நினைத்துப் பார்க்கவில்லை.

கோஜே வழக்கில் கீழ் நீதிமன்றங்கள், பாதுகாப்புச் சட்டத்தை மீறியதான முக்கியக் குற்றச்சாட்டிலிருந்து நிறுவனத்தை விடுவித்தன. 2021 செப்டம்பரில் கொரிய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கிரேன்களின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் மோதலைத் தடுக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. மரண விபத்துகளுக்கு நிர்வாகத் தலைமையையே பொறுப்பாக்கும் சட்டம் 2022 ஜனவரி 27-இல் அங்கே அமலுக்கு வந்தது. கோஜே போன்ற பல சாவுகளுக்குப் பிறகு கிடைத்த சட்டம் அது.

சென்சார் ஒன்றே காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அவசரம் என்றால் அதை அணைத்து வைக்கச் சாவியும் இருக்கிறது. அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ நம் ஊரிலோ கிரேனுக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது ஒன்று கேளுங்கள்: "இடைவேளைக்கு எங்கே உட்காருகிறாய் தம்பி? தலைக்கு மேலே என்ன இருக்கிறது?"

அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். படிக்கிறேன்.