அவலரக்கு கரைக்க எந்த ஆல்கஹால்? இசைக்கருவி மெருகில் கவனிக்க வேண்டியவை

வயலின், கிட்டார் போன்ற மர இசைக்கருவிகளுக்கு மெருகேற்ற, ஷெல்லாக் எனப்படும் அவலரக்கு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. இந்தியாவிலும் தாய்லாந்திலும் மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினே இதன் மூலப்பொருள். 19ஆம் நூற்றாண்டு முதல் கிளாசிக்கல் கிட்டார்களுக்குப் பூசப்படும் ‘பிரெஞ்ச் பாலிஷ்’ மெருகும் இதைக் கொண்டே செய்யப்படுகிறது.

அவலரக்கு தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில்தான் கரையும். ஆனால் கடையில் ‘ஆல்கஹால்’ என்ற பெயரில் கிடைக்கும் எல்லாமே இதற்குப் பொருந்துவதில்லை. தவறான ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மெருகு வெளுத்துப் போகும் அல்லது பிசுபிசுப்பாகவே இருந்துவிடும். சில வகைகள் பூசுபவரின் கண்பார்வைக்கும் உயிருக்குமே ஆபத்தாகலாம்.

எத்தனாலே முதல் தேர்வு

இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது எத்தனால். செறிவு குறைந்தது 95 விழுக்காடு இருக்க வேண்டும். 99 விழுக்காட்டிற்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. எஞ்சியிருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால், செறிவு குறையக் குறைய மெருகின் தரமும் குறையும்.

‘மெத்திலேட்டட் ஸ்பிரிட்’ என்பது குடிக்க முடியாதபடி வேறு பொருள்கள் கலக்கப்பட்ட எத்தனால். இதையும் பயன்படுத்தலாம். ஆனால் கலக்கப்படும் பொருள்கள் நாட்டுக்கு நாடு, தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடும். சிலவற்றில் ஊதாச் சாயமும் இருக்கும். வெளிர்நிற மரத்திற்கு அது ஆகாது. வாங்கியதும் சில துளிகளைக் கண்ணாடித் துண்டில் விட்டு உலரவிடுங்கள். எண்ணெய்ப் படலமோ கறையோ தங்கினால் அந்தப் புட்டியை மெருகு வேலைக்கு எடுக்க வேண்டாம்.

மருந்தகப் புட்டி வேண்டாம்

மருந்தகங்களில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஏறத்தாழ 30 விழுக்காடு தண்ணீர். கைகளுக்கான கிருமிநாசினியில் தண்ணீரோடு வழவழப்பூட்டும் பொருள்களும் சேர்ந்திருக்கும். இரண்டுமே அவலரக்கு கரைக்க உதவாது. 99 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அவசரத்துக்குப் பயன்படுத்தலாம். ஆனால் எத்தனாலைவிட அதில் அவலரக்கு மெதுவாகவே கரையும். பூச்சு உலரவும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

அவலரக்கு மெருகுள்ள கருவியைக் கிருமிநாசினி கொண்டு துடைக்கவும் கூடாது. பூசுவதற்கு உதவிய அதே ஆல்கஹால், காய்ந்த மெருகையும் கரைத்துவிடும்.

மெத்தனால்: அறவே தவிர்க்கவும்

மெத்தனால் அவலரக்கை நன்றாகக் கரைக்கும், விரைவாக ஆவியாகும். ஆயினும் அது கொடிய நஞ்சு. குடித்தால் மட்டுமன்றி, ஆவியைச் சுவாசித்தாலும் தோல் வழியாக உடலில் சேர்ந்தாலும் பாதிப்பு உண்டு. பார்வை நரம்பைச் சிதைக்கும். 2018 செப்டம்பரில் மலேசியாவில் மெத்தனால் கலந்த மது அருந்திப் பலர் உயிரிழந்தது பலருக்கும் நினைவிருக்கலாம். பிரெஞ்ச் பாலிஷ் வேலையில் நனைந்த பஞ்சுப் பொதியை மணிக்கணக்கில் கையில் பிடித்துத் தேய்க்க வேண்டியிருக்கும். எனவே புட்டியின் மேல் மெத்தனால் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது மிக அவசியம்.

ஈரப்பதம் செய்யும் வேலை

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளில், மூடி திறந்து கிடக்கும் புட்டியில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். பூசும்போதும் ஆல்கஹால் வேகமாக ஆவியாகி மரப்பரப்பைக் குளிரச் செய்வதால், காற்றின் ஈரம் அங்கே படிந்து வெண்மூட்டமாகத் தெரியும். அதனால் சிறிய புட்டிகளாக வாங்குவதும், உடனுக்குடன் இறுக மூடுவதும், மழை நாளில் பூச்சு வேலையைத் தள்ளிப்போடுவதும் நல்லது.

கலக்கும் முறை

100 மில்லிலிட்டர் ஆல்கஹாலுக்கு ஏறத்தாழ 24 கிராம் அவலரக்குச் செதில் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. கடைசிப் பூச்சுகளுக்கு மேலும் ஆல்கஹால் சேர்த்து நீர்க்கச் செய்வார்கள். கண்ணாடிப் புட்டியில் இட்டு, அவ்வப்போது குலுக்கி, ஒரு நாள் ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். இரும்புக் கலன் கரைசலைக் கருக்கச் செய்யும்.

கரைத்த அவலரக்கு நெடுநாள் தாங்காது. ஆல்கஹாலுடன் மெல்ல வினைபுரிந்து, நாளடைவில் கெட்டியாக உலரும் தன்மையை இழந்துவிடும். கரைத்த தேதியைப் புட்டியில் எழுதி வைத்து, ஆறு மாதத்திற்குள் தீர்ப்பது பாதுகாப்பானது. பழைய கரைசலை முதலில் கண்ணாடியில் பூசிப் பார்க்கலாம். மறுநாளும் ஒட்டினால் அதைக் கருவியில் பூசக்கூடாது.

தீ குறித்த எச்சரிக்கை

தூய எத்தனாலின் ஆவி ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும். அதாவது, இங்குள்ள சாதாரண அறை வெப்பத்தில் ஒரு சிறு தீப்பொறியே போதும். பூசைவிளக்கு, அடுப்பு, சிகரெட் ஆகியவற்றிலிருந்து விலகி, காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்து வேலை செய்ய வேண்டும்.

வீட்டில் இருக்கும் பழைய வயலினோ வீணையோ எந்த மெருகு பூசப்பட்டது என்று தெரியாவிட்டால், வெளியே தெரியாத மூலையில் ஒரு துளி ஆல்கஹாலைத் தொட்டுப் பார்க்கலாம். அவலரக்கு என்றால் அந்த இடம் இளகி ஒட்டும். பாலியூரித்தேன் என்றால் மாற்றம் இருக்காது. விலைமதிப்புள்ள கருவியாக இருந்தால், அந்த ஒரு துளிக்கு முன்பே அனுபவமுள்ள கைவினைஞரிடம் காட்டுவதே நல்லது.