ஓர் எண்ணின் வரலாறு

அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையில் ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 என்னும் இருபத்தோரிலக்க எண் கிடைக்கும். இது தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத முதன்மை எண்தானா? இவ்வினாவுக்கு முழு விடை காண 259 ஆண்டுகள் சென்றன.

பிரெஞ்சு நாட்டிலே மரின் மேர்சென் (1588 - 1648) என்னும் கிறித்தவத் துறவி வாழ்ந்தார். ஐரோப்பிய அறிஞர் பலரோடும் கடிதத் தொடர்பு கொண்டு, ஒருவர் கண்டதை மற்றவர்க்கு அறிவித்து வந்த பெருந்தகை அவர். இரண்டின் அடுக்குகளில் ஒன்றைக் குறைத்து வரும் எண்களில், 257ஆம் அடுக்கு வரை எவை முதன்மை எண்கள் என்பதை 1644இல் ஒரு நூலிலே பட்டியலிட்டார். 67ஆம் அடுக்கும் அதில் இடம்பெற்றது. ஆனால் நிறுவல் எதனையும் அவர் தரவில்லை. அத்துணைப் பெரிய எண்களைச் சோதிக்கும் வழியும் அக்காலத்தில் இல்லை.

1876இல் எட்வார்ட் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், தாம் கண்ட புதிய சோதனையால் இவ்வெண் முதன்மை எண் அன்று எனக் காட்டினார். ஆயினும் அதன் காரணிகள் எவை என்பதை அச்சோதனை கூறவில்லை. வீட்டிலே கள்வன் புகுந்தான் என்பது தெரிந்தது. அவன் யார் என்பது தெரியவில்லை.

1903ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள், நியூயோர்க் நகரில் அமெரிக்கக் கணிதச் சங்கம் கூடியது. பேராசிரியர் பிராங் நெல்சன் கோல் எழுந்து, ஒரு சொல்லும் பேசாது, கரும்பலகையிலே இரண்டின் 67ஆம் அடுக்கைக் கணித்து ஒன்றைக் கழித்தார். பின்பு மறுபுறத்தில் 193707721 என்பதை 761838257287 ஆற் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. அவர் மௌனமாகவே அமர, சபை கரகோஷம் செய்தது. இதற்கு மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டதாகக் கோல் தம்மிடம் கூறினார் என்று கணித வரலாறு எழுதிய பெல் குறிப்பிடுகிறார்.

அவ்வுழைப்பின் அளவை நாமும் உணரலாம். இவ்வெண்ணின் காரணி எதுவாயினும் 134இன் ஒரு மடங்குடன் ஒன்றைக் கூட்டியதாகவே இருத்தல் வேண்டும். கோல் கண்ட சிறிய காரணி 1445580ஆம் மடங்கிலே வருகிறது!

மேர்சென் பட்டியலிற் சேர்த்தவற்றுள் 67, 257 ஆகிய இரண்டும் பிழை. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டவை. பட்டியல் முழுவதும் தீர்வானது 1947இலேதான். எனினும் இவ்வகை எண்கள் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. பிழையைத் திருத்தியவர்கள் அப்பெரியாரை இகழவில்லை. அவர் தொடங்கியதை நிறைவு செய்தார்கள்.

இன்று கணினி இக்காரணிகளை நொடிப்பொழுதில் தந்துவிடும். ஆயினும் இளைஞர்களே, ஒரு தாளும் பென்சிலும் எடுத்து அவ்விரு எண்களையும் நீங்களே பெருக்கிப் பாருங்கள். பெரியோர் வாக்கை மதிப்பதும், அதனைத் தம் கையாற் சோதித்து அறிவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.