தவிடும் நெற்றும்: தமிழ்ச் சிறுவர் விவிலிய ஒலிநாடகத்தின் முன்வரலாறு குறித்து

சிறுவருக்கான கிறிஸ்தவ ஒலிநாடகம் தமிழுக்கு எப்போது வந்தது என்று கேட்டால், சிற்றலை வானொலியைக் காட்டுவதே வழக்கம். செஷல்ஸ் தீவிலிருந்து ஃபீபா என்ற கிறிஸ்தவ வானொலி 1970இல் ஒலிபரப்பத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ. இந்தத் தேதிகளில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் வானொலி வந்த காலம் வேறு. விவிலியக் கதையொன்று பல குரல்களாகப் பிரிந்து, கேட்பதற்கென்றே அளவெடுத்து அமைந்த காலம் வேறு. இரண்டாவதைத் தேடிப் போனால் ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன் குறுக்கே நிற்கிறார். அவரோடு வாதாடாமல் மேலே போக வழியில்லை.

கிரியர்சன் நடத்திய, 1894இல் தொடங்கிய இந்திய மொழியியல் அளவாய்வில் சென்னை மாகாணம் சேர்க்கப்படவில்லை. இருந்தும், ஸ்டென் கோனோவ் தொகுத்து 1906இல் வெளிவந்த நான்காம் தொகுதியில் தமிழ் உண்டு. கொரவ, இருளப் பேச்சுகளும் உண்டு. பின்னர் பேச்சை இசைத்தட்டில் பதியும் வேலை 1913 முதல் 1929 வரை நடந்தது. சென்னை மாகாண மொழிகளின் தட்டுகளில் பேசப்பட்டவற்றை எழுத்தில் தரும் நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்டது. மொழிக்கு மொழி மாதிரியாகத் திரும்பத் திரும்ப வருவது லூக்கா 15ஆம் அதிகாரத்தின் கதை. புரோட்டஸ்டண்டுகளுக்கு அது கெட்ட குமாரன். கத்தோலிக்கருக்கு ஊதாரி மைந்தன்.

ஏன் இந்தக் கதை? கிரியர்சன் சொல்லும் காரணம் சுருக்கமானது: இதில் மூவிடப் பெயர்களும் வருகின்றன, பெரும்பாலான வேற்றுமைகள் வருகின்றன, முக்காலமும் வருகிறது. அதாவது இது ஓர் இலக்கணக் கருவி, சமயம் தற்செயல். இந்த விளக்கம் அப்படியே ஏற்கப்பட்டுவிட்டது. அதனால்தான் அந்தத் தட்டுகள் மொழியியலாரின் அலமாரிக்குப் போயின. சமய நாடக வரலாறு எழுதுகிறவர்கள் அவற்றைத் தொடவே இல்லை.

எனக்கு இது முழு விளக்கமாகப் படவில்லை. முதலாவது, இந்தக் கதையை மாதிரியாக்கிய முதல் ஆள் கிரியர்சன் அல்லர். நெப்போலியன் ஆட்சியில் கொக்பேர் த மோம்ப்ரே பிரான்சின் வட்டார வழக்குகளைத் திரட்டியபோதும் இதே கதையைத்தான் கொடுத்தார். ஆக, பழக்கம் முன்பே இருந்தது. இலக்கணக் காரணம் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்திருக்கலாம். மூவிடமும் முக்காலமும் வரும் கதை வேண்டுமென்றால், பாட்டி வடை சுட்ட கதை போதுமே.

இரண்டாவது, கிரியர்சன் தாமே போகிற போக்கில் சொல்லிவிட்ட ஒன்று: இந்தியர் மனம் புண்படாதிருக்கக் கதையில் சிறு சொல் மாற்றங்கள் செய்யப்பட்டன. இந்த ஒரு குறிப்பு அவருடைய விளக்கத்தின் அடிவாரத்தையே அசைக்கிறது. வெறும் வேற்றுமை உருபுக்காகப் பொறுக்கிய வாக்கியம் யாரைப் புண்படுத்தும்? கேட்கிறவர் கதையைக் கதையாகவே கேட்பார், அதன் ஒழுக்கத்தோடும் அதன் விருந்தோடும் சேர்த்துக் கேட்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மாற்றப்பட்டவற்றில் அடிக்கப்படும் கொழுத்த கன்று முதலில் இருந்திருக்கும் என்பது என் ஊகம், ஊகமாகவே வைக்கிறேன்.

மூன்றாவது, அளவு. அக்காலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். அதற்குள் தந்தை, இளையவன், வேலைக்காரன், மூத்தவன் என நான்கு பேர் பேசுகிறார்கள். நடிப்பவர் ஒருவரே, குரல்கள் நான்கு. இதை நாடகம் என்று சொல்லத் தயங்குகிறவர்கள் நொண்டி நாடகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நொண்டி நாடகத்தில் ஒற்றை ஆள் வந்து தன் கெட்ட கதையைத் தானே சொல்வான். பொருளைத் தாசியிடம் இழந்து, குதிரை திருடப் போய்க் கால் வெட்டுப்பட்டு, கடைசியில் இறையருளால் கால் வளரப் பெறுவான். திருச்செந்தூருக்கு ஒன்று உண்டு. இஸ்லாமியருக்குச் சீதக்காதி நொண்டி நாடகம் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஞான நொண்டி நாடகம் எழுதினார். அவர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், பள்ளி ஆசிரியர், பாடிக் கேட்கச் செய்தவர். பொருளழித்து, கெட்டலைந்து, திரும்பி வரும் மகனின் கதைக்குத் தமிழில் அச்சு முன்பே தயாராயிருந்தது. கிரியர்சனின் தட்டு அந்த அச்சில்தான் விழுந்தது என்பது என் வாதம்.

இங்கே சான்று மெலிந்தது என்பதை மறைக்கவில்லை. அரசின் தட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்கு என்னிடம் ஆவணமில்லை. ஆனால் ஜாய் ரிடர்ஹாஃப் 1939இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய கோஸ்பல் ரெக்கார்டிங்ஸ், அட்டையை மடித்து முள் பொருத்தித் தட்டைக் கையால் சுற்றும் கருவியை ஊர் ஊராக அனுப்பியபோது, அதன் உள்ளமைப்பு இதேதான்: சில நிமிடம், தாய்மொழிக் குரல், ஒரு கதை. கருவி அமெரிக்காவிலிருந்து வந்தது. வடிவமும் அங்கிருந்தே வந்தது என்று சொல்பவர்கள்தான் நிறுவ வேண்டும்.

இனி அதே கதையில் ஒரு பாடபேதம். திண்டிவனம் ஆற்காட்டு அமெரிக்க மிஷன் வேலை செய்த ஊர். விழுப்புரம் பக்கம் டேனிஷ் லுத்தரன்கள். கிழக்கே புதுச்சேரியின் கத்தோலிக்கம். ஆகவே இந்த வட்டாரத்தில் ஒரே கதை இரண்டு சொல்லோடு கேட்கக் கிடைக்கிறது. பட்டினி கிடந்த மகன் பன்றித் தீனியால் வயிற்றை நிரப்ப ஆசைப்படுகிறான். பழைய திருப்புதலில் அந்தத் தீனி ‘தவிடு’. 1995இல் வந்த திருவிவிலியத்தில் ‘நெற்று’. கிரேக்க மூலத்தில் இருப்பது கரோப் மரத்தின் நெற்று. எனவே பின்னதே சரி, முன்னது உள்ளூர்ச் சமாளிப்பு என்று எழுத்தை வைத்து நானும் எழுதியிருக்கிறேன்.

இதே வட்டாரத்தின் குயிலாப்பாளையத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் அந்த முடிவு ஆட்டம் கண்டது. கைப்பேசியில் சிறுவர் ஒலிநாடகம் ஓடிக்கொண்டிருந்தது. ‘நெற்று’ வந்த இடத்தில் பையன் நிறுத்தி, “ஆயா, நெத்துன்னா ஆடு துன்னுமே, அதுவா?” என்றான். “அதான்டா, வேலிக்காத்தான் நெத்து” என்றார் ஆயா. மூலத்துக்கு நெருங்கிய சொல்லே இந்த ஊர்க் காதுக்கும் நெருங்கியதாக இருந்தது. தவிடு என்று கேட்டிருந்தால் அவனுக்கு அது மாட்டுத் தொட்டி. பசியின் இழிவு அத்தனை உறைத்திருக்காது. அச்சில் ஒப்பிட்டால் பிடிபடாத வேறுபாடு இது.

அதே ஒலிநாடகத்தில் இன்னும் இரண்டு மாற்றங்கள். மூத்தவன் குற்றஞ்சாட்டும்போது சொல்லும் வேசிகள், இங்கே ‘கூட்டாளிகள்’ ஆகிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு என்பதால் புரிகிறது. ஆனால் லூக்காவில் மூத்தவன் விருந்துக்கு உள்ளே போனானா என்பது சொல்லப்படாமலே கதை நிற்கும். ஒலிநாடகத்தில் அவன் உள்ளே வந்து தம்பியைக் கட்டிக்கொள்கிறான், பாட்டும் உண்டு. கிறிஸ்தவ உலகப் பார்வையைப் பிள்ளைக்குப் புகட்டுவது என்று இதற்குப் பெயர் சொன்னாலும், கால் வளர்ந்தே தீர வேண்டும் என்கிற நொண்டி நாடகத்தின் விதிதான் எனக்கு இதில் கேட்கிறது. லூக்காவின் அந்தத் திறந்த வாசலைப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று யார் முடிவு செய்தது என்பது தனிக் கேள்வி.

அந்தப் பதிவு முதலில் ஒலிநாடாவாக வந்தது என்று அந்த வீட்டில் சொன்னார்கள். நாடா இருந்தது, ஆண்டு அச்சிட்டிருக்கும் உறை இல்லை. 1980களா 1990களா என்று என்னால் தீர்க்க முடியவில்லை. நெற்று என்ற சொல்லை மட்டும் வைத்து 1995க்குப் பின் என்று தள்ளுவதும் சரியில்லை. வானூர், திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து வீடுகளில் இப்படிப்பட்ட ஒலிநாடாக்கள் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். உறையையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.